கணிப்பொறியும் நம் அகர வரிசையும்

மொய் நோட்டு இல்லாத வீடு நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இராது. திருமண வீட்டில் நோட்டும் பேனாவுமாக அமர்ந்திருப்பவர், வந்தவரின் ஊரையும் பெயரையும் தொகையையும் வந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவார். அன்றைக்கு அந்த வரிசை போதும். பல ஆண்டுகள் கழித்து, மொய் எழுதியவர் வீட்டில் ஒரு திருமணம் வரும்போதுதான் நோட்டுக்கு உண்மையான வேலை வருகிறது. கானாடுகாத்தானிலிருந்து வந்தவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள்? ஆயிரம் பெயர்கள் உள்ள நோட்டில் முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். கண் அயர்ந்து ஒரு வரி தவறினால் "அவர்கள் எழுதவே இல்லை" என்று முடிவாகிவிடும். அதனால் வரும் மனத்தாங்கலைப் பற்றிப் பெற்றோருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே விவரம் தெரிந்த சில வீடுகளில் நோட்டின் கடைசியில் ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, எதிரே பக்க எண்ணைக் குறித்து வைப்பர். நோட்டு வந்தபடியே கிடக்கும். பட்டியல் மட்டும் ஒழுங்காக நிற்கும். இவ்வளவுதான் கணிப்பொறியிலுள்ள தகவல் தொகுப்பு ஒன்றின் அமைப்பும். வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, தேர்வு முடிவு, மருத்துவமனைப் பதிவு என எதை எடுத்துக்கொண்டாலும், உள்ளே ஒரு பெரிய மொய் நோட்டும், அதற்கு ஒன்றோ பலவோ சுட்டுப் பட்டியல்களும் இருக்கின்றன. நாம் ஒரு பெயரைக் கேட்டவுடன், நோட்டை முழுதும் படிப்பதா, பட்டியலைப் பார்ப்பதா என்று முடிவு செய்யும் பகுதி ஒன்று அங்கே உண்டு. அதைத் திட்டமிடும் பகுதி என்று சொல்வோம். அது அகர வரிசையை எப்படிக் கையாள்கிறது, அதில் தமிழுக்கு என்ன சிக்கல் என்பதையே இக்கட்டுரையில் காணப் போகிறோம். கணிதம் பிடிக்காத மாணவியரும் அஞ்ச வேண்டாம். கூட்டல் கழித்தல் கூட இதில் அதிகம் இல்லை.

அடுக்கி வைத்த பட்டியலின் பலம் எங்கே இருக்கிறது? நடுவில் திறந்து பார்க்கிறோம். நாம் தேடும் பெயர் அங்குள்ள பெயருக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால், பாதிப் பட்டியலை ஒதுக்கிவிடலாம். மிஞ்சிய பாதியிலும் நடுவைத் திறக்கிறோம். இப்படியே போனால் ஆயிரம் பெயரில் ஒன்றை ஏறத்தாழப் பத்துப் பார்வையில் எட்டிவிடலாம். பத்து லட்சம் பெயர் என்றாலும் இருபது பார்வைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பாதியை நாம் கண்ணால் காணாமலே ஒதுக்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த வரிசை விதியை நம்பி ஒதுக்குகிறோமோ, அதே விதியில் பட்டியல் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அடுக்கியவர் ஒரு விதி, தேடுபவர் வேறு விதி என்றால், ஒதுக்கிய பாதியில்தான் நமக்கு வேண்டிய பெயர் இருக்கும்.

வரிசை என்பது ஒன்றுதானே, அதில் இரண்டு விதிகள் எப்படி வரும் என்று கேட்கலாம். சொற்களை அகர வரிசையில் அடுக்கும் வழக்கமே நம்மிடம் மெல்லத்தான் வந்தது. பழைய நிகண்டுகள் பொருள் நோக்கி அமைந்தவை. திவாகரத்தில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பன்னிரண்டு தொகுதிகள் உண்டு. அவை மனப்பாடம் செய்வதற்காக ஏற்பட்டவை. முழுதும் நெஞ்சில் இருப்பவருக்குத் தேடும் வேலையே இல்லையன்றோ? 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தார். 1732இல் வீரமாமுனிவர் தம் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளாகச் சொற்களை அகர வரிசையில் அடுக்கிய அந்நூல், மனப்பாடம் செய்யாதவரும் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுகொள்ள வழி செய்தது. இத்தாலியிலிருந்து வந்து தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஒருவருக்கு இதன் அருமை நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னர் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன.

இந்த அகராதிகளின் விதியை நாம் சிறு வகுப்பிலேயே அறிவோம். உயிர் முதலில், பின் ஆய்தம், பின் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்னும் பதினெட்டு. ழ, ள, ற, ன ஆகியவை கடைசியில் நிற்பதைப் பார்க்க. தொல்காப்பியர் காலத்திலும் எழுத்து வரிசை அகரத்தில் தொடங்கி னகரத்தில்தான் முடிந்தது. மேலும், இன்றைய அகராதிகளில் புள்ளி வைத்த மெய் முன்னும், அகரம் ஏறிய மெய் பின்னும் வரும். எனவே 'அக்கா' முன்னே, 'அகம்' பின்னே.

கணிப்பொறிக்கு இந்த வரிசை பிறவியில் தெரியாது. அதற்கு எழுத்தே கிடையாது, எண்தான் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் கொடுத்திருக்கிறார்கள். இந்திய மொழிகளுக்காக 1988இல் இஸ்கி என்னும் பொதுக் குறியீட்டு முறை உருவாயிற்று. தேவநாகரியின் வரிசையை அடிப்படையாக வைத்து, எல்லா மொழிகளையும் ஒரே சட்டத்தில் பொருத்த முயன்ற முறை அது. ன, ற, ள, ழ ஆகிய எழுத்துகள், ஒலியில் நெருங்கிய எழுத்தின் பக்கத்தில் அமர்த்தப்பட்டன. ந-வின் அருகே ன. ர-வின் அருகே ற. ல-வை அடுத்து ள, ழ. அதன் பின்னரே வ. 1991இல் வந்த யூனிகோடு இந்த அமைப்பையே பின்பற்றியது. ஜ என்னும் எழுத்து ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே போயிற்று. புள்ளிக்குத் தனி எண். அதுவும் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே. நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் 'க்', கணிப்பொறிக்குக் க-வும் புள்ளியுமாக இரண்டு எண்கள்.

இதன் விளைவை நம் ஊர்ப் பெயர்களிலேயே சோதிப்போம். ககரத்தில் தொடங்கும் பத்து ஊர்களை அகராதி முறையில் அடுக்கினால் இவ்வாறு வரும்: கடியாபட்டி, கண்டரமாணிக்கம், கண்டனூர், கல்லல், காரைக்குடி, காளையார்கோவில், கானாடுகாத்தான், கோட்டையூர், கோவிலூர், கோனாப்பட்டு. அதே பத்தைக் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கிடைப்பது: கடியாபட்டி, கண்டனூர், கண்டரமாணிக்கம், கல்லல், கானாடுகாத்தான், காரைக்குடி, காளையார்கோவில், கோட்டையூர், கோனாப்பட்டு, கோவிலூர். னகரம் வந்த இடமெல்லாம் ஊர்கள் முன்னே தாவிவிட்டன.

இப்போது பட்டியல் குறியெண் வரிசையில் இருக்கிறது, தேடுபவர் அகராதி விதியை நம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கானாடுகாத்தானைத் தேடுகிறார். ஆறாவது இடத்தைத் திறக்கிறார்; காரைக்குடி. ர-வுக்குப் பின்புதானே ன? ஆகவே முன் பாதியை ஒதுக்கிவிட்டு எட்டாவதைப் பார்க்கிறார், கோட்டையூர். கானா அதற்கு முன்னே வர வேண்டும். மிஞ்சியது ஏழாவது மட்டுமே, காளையார்கோவில். அதற்கும் கோட்டையூருக்கும் இடையே வேறு ஊர் இல்லை. "கானாடுகாத்தான் இப்பட்டியலில் இல்லை" என்று அவர் சொல்லிவிடுவார். அதுவோ ஐந்தாவது இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று பார்வையிலும் அவர் செய்ததில் குற்றமே இல்லை. விதி மட்டும் வேறு.

திட்டமிடும் பகுதி இந்த ஆபத்தை அறிந்தே படைக்கப்பட்டது. இத்துறையில் வழிகாட்டியாக விளங்கும் ஆய்வுரை ஒன்று 1979இல் வெளிவந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் 'சிஸ்டம் ஆர்' என்னும் தகவல் தொகுப்பை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ஐவர் அதை எழுதினர். அவர்களுள் முதற்பெயராக நிற்பவர் பட்ரிஷியா செலிங்கர் என்னும் பெண்மணி. கணிப்பொறித் துறை ஆண்களுக்கே உரியது என்று எண்ணும் பெற்றோர் எவரேனும் இருந்தால் இப்பெயரை நினைவில் வைப்பார்களாக. ஒரு கேள்விக்கு விடை காணப் பல வழிகள் இருக்கும். ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே மதிப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் காட்டினர். இன்றும் பெரும்பாலான தகவல் தொகுப்புகள் இந்த வழியிலேயே நடக்கின்றன.

செலவு என்றால் எப்படி? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கி வளர்ந்து, இன்று உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பக்கம் என்பது 8,192 எழுத்தணு. பக்கங்களை வரிசையாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் செலவு 1 என்றும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவிப் படித்தால் 4 என்றும் அது ஆரம்பத்தில் வைத்துக்கொள்கிறது. சுட்டுப் பட்டியல் வழியாகப் போவது தாவிப் படிப்பது. ஆகையால் நோட்டிலுள்ள பெயர்களில் பாதியே வேண்டும் என்றால், பட்டியலை மூடி வைத்துவிட்டு முழு நோட்டையும் படிப்பதே மலிவு. ஒரே ஒரு குடும்பம் வேண்டும் என்றால் பட்டியலே மலிவு. இதை முன்கூட்டி அறிய, 'கா' முதல் 'கி' வரை எத்தனை பெயர் இருக்கும் என்று அதற்கு ஒரு மதிப்பு தேவை. அதற்காகச் சில பெயர்களை மாதிரியாக எடுத்து, வரிசைப்படுத்தி, சாதாரணமாக நூறு பங்குகளாகப் பிரித்துக் குறித்துக்கொள்கிறது. பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் பார்ப்பது போல. அந்தப் பங்குகளும் ஏதோ ஒரு வரிசை விதியில்தான் பிரிக்கப்படுகின்றன என்பதை மறக்கலாகாது.

செலிங்கர் குழுவினர் இன்னொரு நுட்பத்தையும் கண்டனர். ஒரு வழி சற்றுச் செலவு மிகுந்ததாக இருந்தாலும், அது விடையை ஏற்கெனவே வரிசைப்படுத்திக் கொண்டுவந்து தருமானால், பின்னால் அடுக்கும் வேலை மிச்சமாகும். எனவே அத்தகைய வழியை உடனே தள்ளிவிடாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 'கவனத்துக்குரிய வரிசைகள்' என்று இவற்றை அவர்கள் அழைத்தனர். இங்கேதான் நம் அகர வரிசை உள்ளே நுழைகிறது. பட்டியல் குறியெண் வரிசையில் இருந்து, கேட்பவர் தமிழ் அகர வரிசையில் விடை வேண்டும் என்றால், அந்தப் பட்டியல் கவனத்துக்குரியதன்று. பட்டியலுக்கும் கேள்விக்கும் விதி ஒன்றுதானா என்று திட்டமிடும் பகுதி முதலில் ஒப்பிடுகிறது. வேறானால், எல்லாப் பெயர்களையும் எடுத்துப் புதிதாக அடுக்கித் தருகிறது. நேரம் ஆகும்; விடை பிழையாகாது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனி வரிசை விதியைக் குறிக்கும் வசதி 2011 முதல் இருக்கிறது.

இரண்டு நோட்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகும். மூத்த மகள் திருமண மொய் நோட்டு ஒன்று, இளைய மகளுடையது ஒன்று. இரண்டிலும் எழுதிய குடும்பங்கள் யார் யார்? இரண்டு பட்டியலும் ஒரே விதியில் அடுக்கியிருந்தால் இரண்டிலும் ஒவ்வொரு விரலை வைத்து ஒரே நடையில் இறங்கலாம். எந்தப் பெயர் முந்தியதோ அந்த விரலை நகர்த்த வேண்டும். பெயர்கள் ஒத்துப்போனால் குறித்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறியும் இப்படிச் செய்வதுண்டு. ஒன்று அகராதி வரிசை, மற்றது குறியெண் வரிசை என்றால், ஒரு விரல் கானாடுகாத்தானைத் தாண்டிய பின்னரே மற்ற விரல் அதை அடையும். இரண்டும் சந்திக்கவே மாட்டா. ஆகவே திட்டமிடும் பகுதி ஒன்றை மறுபடி அடுக்கிய பின்புதான் விரல் நடையைத் தொடங்கும். இரு பத்திகளுக்கும் வெவ்வேறு விதி குறித்திருக்க, எது முன் எது பின் என்று கேட்டால், தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல், எந்த விதி என்று நம்மையே சொல்லச் சொல்லி நின்றுவிடும். இந்தப் பிடிவாதம் நமக்குப் பிடித்திருக்கிறது.

இனிச் சற்று நுட்பமான ஓரிடம். 'வள' என்று தொடங்கும் பெயர்களை எல்லாம் கொடு என்று கேட்கிறோம். வரலட்சுமி, வள்ளியம்மை, வளர்மதி, வனஜா என்று அகராதி விதியில் பெயர்கள் நிற்கின்றன. கணிப்பொறியின் கணக்கில் வள்ளியம்மையும் 'வள' என்றே தொடங்குகிறாள். ஏனெனில் புள்ளி என்பது ள-வை அடுத்து வரும் தனி எண். ஆனால் அகராதி வரிசையிலோ 'வள்' என்பது 'வள' என்பதற்கு முன்னே. 'வள' என்ற இடத்தில் பட்டியலைத் திறந்து கீழே படித்துக்கொண்டு போனால் வளர்மதி கிடைப்பாள். வள்ளியம்மை ஒரு வரி மேலேயே நின்றுவிடுவாள். இத்தகைய தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பல மொழிகளின் வரிசை விதியில் எழுத்துக் கூட்டங்களுக்கும் மேற்குறிகளுக்கும் தனி இடம் உண்டு. ஆகவே மொழி விதியில் அடுக்கிய சாதாரணப் பட்டியலை, 'இன்ன எழுத்தில் தொடங்கும்' என்ற கேள்விக்குப் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவதில்லை. பட்டியல் இருக்கும்போதே முழு நோட்டையும் படிக்கிறதே, இது என்ன மந்தம் என்று புதிதாக வருவோர் சலித்துக்கொள்வர். மந்தமன்று, எச்சரிக்கை.

வேகமும் வேண்டும், தமிழ் வரிசையும் வேண்டும் என்றால் இரண்டு பட்டியல் வைப்பதே வழி. குறியெண் வரிசையில் ஒன்று, தேடுவதற்கு. அகர வரிசையில் ஒன்று, அச்சிட்டுக் காட்டுவதற்கு. புதிய பெயர் வரும்போதெல்லாம் இரண்டிலும் எழுத வேண்டிய செலவு உண்டு. மொழி விதிப்படி ஒப்பிடுவது எண்ணை எண்ணோடு ஒப்பிடுவதைவிடக் கடினமான வேலையும் ஆகும். சிக்கனம் பார்த்துக் குறியெண் வரிசையோடு நிறுத்திக்கொள்ளும் அலுவலகங்களில்தான் வசந்தா, வனஜா, வரலட்சுமி, வளர்மதி, வள்ளியம்மை என்று பட்டியல் வெளிவருகிறது. கடைசியில் நிற்க வேண்டிய வனஜா இரண்டாவதாக வருகிறாள். இரண்டாவது பக்கம் வரை பார்த்துத் தன் பெயர் இல்லை என்று திரும்பும் வள்ளியம்மைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழறிஞர்கள் இதைக் காணாமல் இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடும், அதனோடு டேஸ் என்னும் பதினாறு பிட் முறையும் அரசு ஆணையில் இடம் பெற்றன. டேஸ் முறையில் க், க, கா, கி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் நம் வரிசையிலேயே தனி எண் உண்டு. எண்ணை அடுக்கினாலே அகர வரிசை வந்துவிடும். ஆயினும் உலகின் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் யூனிகோட்டில் நிலைத்துவிட்டன. எண்ணை மாற்றுவதற்குப் பதிலாக, எண்ணுக்கு மேல் வரிசை விதி ஒன்றைத் தனியே எழுதிக் கொடுக்கும் முறையை யூனிகோடு மேற்கொண்டது. அந்த விதியில் தமிழ் மெய்கள் க முதல் ன வரை நம் வரிசையிலேயே நிற்கின்றன. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை அவற்றின் பின்னே. ஐசியு என்னும் நிரல் தொகுப்பின் மூலம் 2017 முதல் போஸ்ட்கிரெஸிலும் இதைப் பயன்படுத்தலாம்.

ஒரே எழுத்து இரு வகையாக எழுதப்படுவது வேறொரு தொல்லை. கொத்தமங்கலத்தின் 'கொ'வை ஒருவர் ஒற்றைக் குறியாகத் தட்டச்சு செய்யலாம். மற்றவர் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணிலோ வேறு வேறு. யூனிகோடு இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்கிறது. எண்ணை மட்டும் பார்க்கும் கணிப்பொறிக்கு இவை இரு ஊர்கள். இரண்டையும் சமமாகக் கருதும் வரிசை விதியை 2019இல் போஸ்ட்கிரெஸ் சேர்த்தது. ஆனால் அவ்விதியுள்ள பத்தியில் 'இன்ன எழுத்தில் தொடங்கும்' என்ற வகைக் கேள்வியைக் கேட்கவே 2025 வரை இடமில்லாமல் இருந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது.

வேறு சொல்லை ஒன்றாக்குவதும் உண்டு. நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் பெரியவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ 50,000 தமிழ் நூல்கள், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அத்தகைய நூல்களின் பெயர்களை வெளிநாட்டு நூலகங்கள் ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதுவது வழக்கம். ல, ள, ழ மூன்றுக்கும் அங்கே ஒரே எழுத்துதான். அடிப்புள்ளியும் அடிக்கோடும் இட்டு வேறுபடுத்துவர். தேடும் கணிப்பொறி அந்தக் குறிகளைப் பொருட்படுத்தாத விதியில் இருந்தால், நம் பள்ளி பல்லியாகிவிடும். பள்ளி வரலாறு தேடும் மாணவி பல்லி விழும் பலனையும் சேர்த்துப் படிக்க வேண்டியதுதான்.

இதுவரை சொன்னவற்றில் விதிகள் வேறுபட்டாலும், எது எந்த விதி என்று கணிப்பொறிக்குத் தெரியும். தெரியாமலே விதி மாறினால்? அப்படியும் நேர்ந்தது. லினக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் வரிசை விதியை வைத்திருப்பது ஜிலிப்சி என்னும் அடிப்படை நிரல் தொகுப்பு. போஸ்ட்கிரெஸ் அதையே நம்பியிருந்தது. 2018 ஆகஸ்டில் ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு வெளிவந்தபோது, உலக மொழிகளின் வரிசை விதிகள் பெருமளவில் திருத்தி அமைக்கப்பட்டன. நோக்கம் நல்லதே, பழைய விதிகளில் குறைகள் பல இருந்தன. ஆனால் ஏற்கெனவே அடுக்கி வைத்த பட்டியல்கள் பழைய விதியிலேயே வட்டில் கிடந்தன. எளிய எடுத்துக்காட்டு ஒன்று சொல்லுவர். அமெரிக்க ஆங்கில விதியில் '11', '1-1' என்ற இரண்டையும் அடுக்கினால், முன்பு 11 முதலில் வரும்; புதிய பதிப்பில் 1-1 முதலில் வரும். கதவு எண்களை நினைத்துப் பாருங்கள்.

திட்டமிடும் பகுதி ஒப்பிட்டுப் பார்த்தது. பட்டியலின் விதி இன்னது, கேள்வியின் விதி இன்னது, பெயர் இரண்டும் ஒன்றே. ஆகவே பட்டியலையே நம்பிற்று. பெயர் மாறவில்லை, பெயருக்குள் இருந்த விதி மாறியிருந்தது. நாம் மேலே பத்து ஊர்களில் கண்டதே அங்கும் நடக்கும்: உள்ளே இருக்கும் பெயரை இல்லை என்று சொல்லும். இன்னும் ஒரு தீங்கு உண்டு. ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் இடத்தில், ஏற்கெனவே உள்ளதைக் காணாத கணிப்பொறி, அதே பெயரை இரண்டாம் முறையும் பதிய இடம் கொடுத்துவிடும். எச்சரிக்கை மணி ஏதும் அடிக்காது. முழு நோட்டையும் படிக்கும் கேள்விகளுக்குச் சரியான விடை வரும். பட்டியல் வழியே போகும் கேள்விகளுக்குத்தான் பிழை வரும். ஒரே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் ஒரு முறை இருக்கிறது என்றும் மறு முறை இல்லை என்றும் விடை வந்தால், கேட்பவர் தம் கண்ணையே சந்தேகிப்பாரேயன்றி வரிசை விதியைச் சந்தேகிக்க மாட்டார்.

அதன் பின் ஏற்பாடுகள் வலுப்பெற்றன. எந்தப் பதிப்பு விதியில் அடுக்கியது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, பதிப்பு மாறினால் எச்சரிக்கும் வழக்கம் படிப்படியாக விரிந்து, 2022இல் தொகுப்பு முழுமைக்கும் உரிய பொது விதிக்கும் வந்தது. 2024இல் வெளியான பதினேழாம் பதிப்பில், வெளியிலுள்ள நிரலை நம்பாமல், தன்னுள்ளேயே வைத்துக்கொண்ட குறியெண் வரிசை விதி ஒன்றையும் போஸ்ட்கிரெஸ் தருகிறது. அது நிலையானது, ஆனால் அதில் கானாடுகாத்தான் காரைக்குடிக்கு முன்னேதான் வரும். தமிழ் வரிசையை வேண்டுவோர் மொழி விதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் பதிப்பு மாறும்போதெல்லாம் பட்டியலைக் கலைத்து மறுபடி அடுக்கவும் வேண்டும்.

மறுபடி அடுக்குவது ஒரு கட்டளையில் முடியும் வேலை. பெரிய தொகுப்பாக இருந்தால் சில மணி நேரம் ஆகலாம். இடையில் இரட்டைப் பதிவுகள் புகுந்திருந்தால் மட்டும் கணிப்பொறி அடுக்க மறுத்து, இன்ன பெயர் இரு முறை உள்ளது என்று சொல்லி நின்றுவிடும். இரண்டில் எது மெய்யான பதிவு, எது பின்னால் வந்து புகுந்தது என்பதை அது அறியாது. ஒருவர் உட்கார்ந்து, பழைய காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் பார்த்துத் தீர்க்க வேண்டும்.